செண்டுடுக் கறை

செண்டுடுக் என்று சொன்னாலே எனக்குக் கோபம் வரும். இப்போது அதைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கட்டும். பதினோரு வருஷம் அந்தச் செடியோடு மல்லுக்கட்டியவளுக்குத்தான் அதன் குணம் தெரியும்.

என் பெயர் ரோசரி. ஈப்போ பக்கம், கோப்பெங்கிலிருந்து நாலு மைல் உள்ளே, ஒரு செட்டியாருக்குச் சொந்தமான சின்ன ரப்பர் தோட்டத்தில் களை பிடுங்கினேன். என் வீட்டுக்காரர் மத்தியாஸ் அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வரிசை வீட்டு லயத்தில் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள், நான் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

செண்டுடுக் இடுப்பு உயரம் வளரும், விட்டால் ஆள் உயரம். இலையைத் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு நீளமாக ஓடும். பூ கத்தரிப்பூ நிறம்தான், இன்னும் கொஞ்சம் பளிச்சென்று, அஞ்சு இதழோடு. காலையில் விரியும், மறுநாள் போய்ப் பார்த்தால் இதழ் மண்ணில் கிடக்கும். காய் பழுத்தால் தானாகவே பிளந்துகொள்ளும். உள்ளே கருநீலமாகச் சதை, நிறைய பொடி விதை. இனிப்பும் துவர்ப்புமாக இருக்கும். தின்றால் நாக்கு கறுத்துப்போகும். கையில் பட்டால் மூன்று நாள் ஆனாலும் கறை போகாது, என்ன தேய்த்தாலும் சரி.

வெயில் இருந்தால்தான் அது பூக்கும். ரப்பர் மர நிழலுக்குள் முளைத்தால் நோஞ்சானாக நிற்கும், காய்க்காது. தோட்டத்துக்கு ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் மலை. அந்த அடிவாரத்தில் தேடினாலும் ஒரு செடி கிடைக்காது, அந்த மண் அதற்கு ஆகாது. இன்னொரு பக்கம் கைவிட்டுப்போன ஈய லம்பம், ஈயம் தோண்டிய இடம். மண்ணைத் தோண்டிச் சலித்துக் கொட்டிய மணல்மேடுகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. புல்லே முளைக்க யோசிக்கிற அந்த இடத்தின் ஓரமெல்லாம் செண்டுடுக் கூட்டம் கூட்டமாக நிற்கும். அப்புறம் சாலை ஓரம், தண்ணீர் ஓடும் கான் ஓரம், மரம் சாய்ந்து வெயில் விழுகிற திட்டுகள். எங்கெங்கே நிற்கும் என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் வள்ளியப்பன். செட்டியார் ஊரில் இருக்க, அவருடைய ஆளாக இங்கே இருந்தார். நெற்றி நிறைய விபூதி, குரலே எழும்பாது, ஆனால் கண் மட்டும் கழுகுக் கண். மர வரிசைக்கு நடுவே எங்காவது ஊதா நிறம் தெரிந்தால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். "ரோசரி, அந்தப் பூவைத் தலையில வச்சுக்கத்தான் விட்டு வச்சிருக்கியா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பிடுங்கிப் போட்டால் கொண்டைக்குருவி பழத்தைத் தின்றுவிட்டுப் பின்னாலேயே விதைத்துக்கொண்டு வரும். குருவியைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டியதுதானே?

ஜப்பான்காரன் வந்தான். ரப்பர் வாங்க ஆளில்லை, களை வேலை நின்றது. நாங்கள் ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்து, அந்த இடத்தில் மரவள்ளி நட்டுத் தின்றோம். ஒரு வருஷம் போனது. ஒருநாள் காலை லயத்துக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். மரம் சாய்த்த இடமெல்லாம் மேடுவரை ஒரே ஊதா. பதினோரு வருஷ வேலை மொத்தமும் போயிற்று. ஆனால் அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு மங்களம் அக்கா ஓடிவந்து, "என்னாடி, யாரு செத்தா?" என்று கேட்டாள். பூவைக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் அவள் புருஷன் சன்னாசி அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

மங்களம் அக்காவும் சன்னாசி அண்ணனும் எங்களுக்கு ஒட்டிய வீடு. நடுவே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு வயசு" என்று குரல் வரும். அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது, மாடு மேய்ப்பார், பேச்சு குறைவு. அக்கா அதற்கும் சேர்த்துப் பேசுவாள். அவள் மாரியம்மன் பக்தி. நான் வேதக்காரி. ஆடியில் அவள் கூழ் எனக்கு வரும், கிறிஸ்மஸுக்கு என் பலகாரம் அவளுக்குப் போகும், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், ஒரு வெள்ளிக்கிழமைப் பெரட்டில் வள்ளியப்பன் ஒரு தாளை வைத்துக்கொண்டு நின்றார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், இந்தத் தோட்டம் எட்டு ஆள் தர வேண்டுமாம், அடுத்த வெள்ளிக்கிழமை லாரி வருமாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களையும் சின்னப் பிள்ளை உள்ளவர்களையும் விட்டுவிட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார். ஏழாவது பேர் மத்தியாஸ்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூன்று மாதம் முன்னால் போனவர்களில் ஒருவன் மட்டும் திரும்பி வந்திருந்தான். அவனைப் போய்ப் பார்த்தேன். எலும்பும் தோலுமாகப் பலகைமேல் கிடந்தான். மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். என் புருஷனை நான் அனுப்ப மாட்டேன்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. காட்டுக்குள் ஓடியவர்களின் வீட்டுப் பெண்களை என்ன செய்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மத்தியாஸ், "எழுதினது எழுதினதுதான், விடு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தேன். அதையும் அவரே எடுத்துவந்து கழுவி வைத்தார்.

அன்று சாயங்காலம் அவர் ஒரு மரத்தில் கொஞ்சம் பால் வெட்டி வந்திருந்தார், செருப்பு ஒட்டுவதற்கு. முழங்கையில் நாலைந்து பால் சொட்டு விழுந்து காய்ந்து, கொப்புளம் மாதிரி எழும்பி நின்றன. நான் வழியில் பறித்த ஒன்றிரண்டு செண்டுடுக் பழத்தைப் பிதுக்கித் தின்ற கையோடு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். விரலில் இருந்த சாறு அந்தக் காய்ந்த பால்மேல் பட்டது. ஓரம் கறுத்து, நடுவே வெளுத்து, பார்ப்பதற்கு அப்படியே அம்மை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அசையாதீங்க" என்றேன். "என்னாச்சு?" என்று பயந்தார். நான் சிரித்தேன். பெரட்டுக்கு அப்புறம் அதுதான் முதல் சிரிப்பு.

ஜப்பான்காரனுக்கு எதற்குப் பயமோ இல்லையோ, அம்மைக்குப் பயம். அம்மை போட்ட வீடு என்றால் பத்தடி தள்ளித்தான் நிற்பான். நம் ஆட்களும் உள்ளே வரமாட்டார்கள், தாய் வந்திருக்கிறாள் என்று வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் ஓடிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தொட்டுப் பார்க்க யாரும் இல்லை.

பழம்தான் வேண்டும், அதுவும் நிறைய. லயத்தைச் சுற்றி இருந்ததையெல்லாம் பசியில் பிள்ளைகள் காயாகவே உருவித் தின்றிருந்தார்கள். மர நிழலில் நின்றதில் காய் இல்லை. மலைப் பக்கம் போவது வீண். சனிக்கிழமை விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு லம்பத்துக்கு நடந்தேன். வழியில் ஒருத்தர் கேட்டதற்கு, கால் புண்ணுக்கு இலை பறிக்கப் போகிறேன் என்றேன். அந்த இலையை அரைத்துப் புண்ணில் வைப்பது எல்லாரும் செய்வதுதான்.

மணல்மேட்டின் சரிவெல்லாம் பூ. பழைய குட்டையில் தண்ணீர் பச்சையாக நின்றது. ஒரு சத்தம் இல்லை, தேனீ மட்டும். நான் பிடுங்கி எறியாத செண்டுடுக்கை அத்தனை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். பூவின் நடுவே மஞ்சள் காம்பு கொஞ்சம், அரிவாள் மாதிரி வளைந்த ஊதாக் காம்பு கொஞ்சம். தேனீ மஞ்சளில் உட்கார்ந்தால் ஊதாக் காம்பு அதன் முதுகில் தடவிவிடுகிறது. இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தது, நான் மண்வெட்டியோடு போய் நின்றிருக்கிறேன். ரப்பர் வருவதற்கு முன்னாலும் இது இங்கேதான் நின்றிருக்கும். "இந்த ஒரு தடவை உதவி பண்ணு. நான் இனிமே உன்னைத் திட்ட மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதற்கப்புறமும் திட்டினேன் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். ஈர்க்குச்சியால் பாலைத் தொட்டு முகம், கழுத்து, கை, நெஞ்சு என்று சொட்டுச் சொட்டாக வைத்தேன். காய்ந்தபிறகு பழச்சாற்றை ஓரத்தில் தடவினேன். நெஞ்சில் முடி அதிகம் அவருக்கு. "இதை எப்படி எடுக்கிறது?" என்று கேட்டார். "முடியோடதான்" என்றேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கழுத்தில் கிடந்த மாதா படத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மாரியம்மனிடமும் கேட்டேன். இரண்டு தாயில் ஒருத்தியாவது இரங்க மாட்டாளா?

கோயில் பக்கத்து வேப்பமரத்தில் கொத்து ஒடித்துவந்து நிலையில் செருகினேன். அரை மணி நேரத்தில் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வள்ளியப்பன் வந்தார். கானுக்கு அந்தப் பக்கமே நின்று செருப்பைக் கழற்றினார். பாயில் கிடந்த மத்தியாஸைப் பார்த்துக் கைகூப்பி, "தாயே, பார்த்து இறங்கிடும்மா" என்றார். மத்தியாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் பாயில் படுத்தபடியே அவரைத் திரும்பக் கும்பிட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஆனால் மங்களம் அக்காவைப் பார்க்கும்போதுதான் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அவள் தினமும் காலையில் கூழ் கரைத்துக் கான் திட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவர்களுக்கே இல்லாத காலம். "ஒட்டுன வீடுலா, நானும் சுத்தமா இருக்கணும்" என்று தன் வீட்டிலும் தாளிப்பதை விட்டாள், தலை வாரவில்லை. எனக்கும் முறை சொல்லிக் கொடுத்தாள்: "எண்ணெய் காயக் கூடாது, கடுகு பொரியக் கூடாது, தாய்க்கு ஆகாது. யாரையும் ஏசாதடி, உன் வாய்க்கு இது கஷ்டம்தான்." நான் தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா" என்றேன்.

எட்டுப் பேரில் ஒருவர் குறைந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. பொய். யோசனை வந்தபோதெல்லாம் எழுந்து ஏதாவது வேலை செய்தேன். அதுதான் உண்மை.

அஞ்சாம் நாள், வியாழக்கிழமை, மத்தியாஸ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவித்த மரவள்ளி, கரைத்த கூழ், மறுபடி அவித்த மரவள்ளி. "நாளைக்கு ஒருவேளை மாட்டிக்கிட்டா இதுதான் நீ எனக்குப் போட்ட கடைசிச் சோறு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜப்பான் சண்டைக்கு முன்னால் வாங்கிய கடுகு ஒரு டின்னில் ஒரு பிடி இருந்தது. இரண்டு காய்ந்த மிளகாய் இருந்தது. செம்பனைச் சிவப்பு எண்ணெய் ஒரு கரண்டி இருந்தது. மரவள்ளிக் கொழுந்தை வதக்கிக் கொடுக்கலாம் என்று சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினேன். அந்த நேரத்தில் எனக்கு அவர் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். கடுகைப் போட்டேன்.

படபடவென்று வெடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூடியைத் தேடினேன். கிடைக்கவில்லை. பதற்றத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றினேன், அது சீறிக்கொண்டு இன்னும் வாசனையைக் கிளப்பியது. மிளகாய்க் காரம் பலகை இடுக்கு வழியாகப் போயிற்று. மத்தியாஸுக்குத் தும்மல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கம் மங்களம் அக்கா உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உலக்கை மறுபடி விழ ஆரம்பித்தது.

"புத்தி கெட்டவளே, புத்தி கெட்டவளே" என்று என்னை நானே அறைந்துகொண்டேன். அம்மை வீட்டில் தாளிக்கிறவள் உலகத்தில் உண்டா? அவள் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வள்ளியப்பன் பயந்த சுபாவம், பயந்தவன் எதையும் மறைக்க மாட்டான். சாயங்காலம் வரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுநாள் காலை கான் திட்டில் கூழ் வழக்கம்போல இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கவனித்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்தது. ஏழு பேர் மூட்டையோடு நின்றார்கள். ஜப்பான் அதிகாரி விரலை நீட்டி எண்ணினான். வள்ளியப்பன் மலாயில், "ஒருத்தருக்கு அம்மை, தூவான்" என்றார். அதிகாரி நம்பவில்லை. காட்டு என்றான்.

வேப்பிலையைப் பார்த்ததுமே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். கானுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எட்டிப் பார்த்தான். மத்தியாஸ் கண்ணை மூடிக் கிடந்தார். காலையில்தான் புதுச் சாறு தடவியிருந்தேன். அதிகாரி இரண்டு எட்டுப் பின்னால் போய்த் துப்பினான். அவ்வளவுதான், தப்பித்தோம்.

அவன் போகவில்லை. எட்டு என்று விரலைக் காட்டினான். வள்ளியப்பன் ஏதோ கெஞ்சினார். அவன் காதில் வாங்காமல் சுற்றிலும் பார்த்தான். பக்கத்து வாசலில் சன்னாசி அண்ணனும் மங்களம் அக்காவும் நின்றிருந்தார்கள். விரல் அண்ணன் பக்கம் நீண்டது. வள்ளியப்பன், "வயசானவரு, தூவான்" என்று சொல்லத் தொடங்கினார். ஒரு அறை விழுந்தது, விபூதி கலைந்தது.

மங்களம் அக்கா என்னைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். வாய் திறந்தது. அப்போது சன்னாசி அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். போகிறவர் பெண்டாட்டி கையைப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "மாட்டை அவுத்துக் கட்டு, வெயில் ஏறுது" என்று அக்காவிடம் சொன்னார். லாரியில் ஏறினார்.

நான் கத்தவில்லை. இது பால், இது பழச்சாறு, இவரைக் கூட்டிப் போ என்று நான் சொல்லவில்லை. மத்தியாஸ் பாயிலிருந்து எழப் பார்த்தார். நான் அவர்மேல் விழுந்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். லாரிச் சத்தம் போகும்வரை விடவில்லை. விட்ட பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டுகிற சத்தம்தான் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை. வெயில் ஏறிய நேரம் மங்களம் அக்கா பெரிய தவலையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்துச் சூடேற்றிய தண்ணீர். கண் வீங்கியிருந்தது.

"இன்னிக்கு ஏழு. தலைக்குத் தண்ணி ஊத்தணும். தம்பியை வெளியே வரச் சொல்லு" என்றாள்.

"அக்கா, நானே..."

"உனக்கு என்னா தெரியும்? வேதக்காரி. தண்ணி ஊத்தாம ஆளு எழுந்து நடமாடுனா லயத்துல பேச்சு வரும்லா. வரச் சொல்லு."

லயத்தில் நாலைந்து பேர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியாஸ் வந்து கல்லில் உட்கார்ந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. அக்கா வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். முதல் சொம்பை ஊற்றினாள். மஞ்சளும் வேப்பிலையுமாக வழிந்தது. உள்ளங்கையால் அவர் நெற்றியைத் தேய்த்தாள், கன்னத்தைத் தேய்த்தாள். காய்ந்த பால் சுருள் சுருளாக உரிந்து அவள் கையோடு வந்தது. நான் கல்லாகிப் போனேன்.

அவள் அதைப் பார்த்தாள். விரலை மூடிக்கொண்டாள். மூடிய கையை மடிக்குள் விட்டு உதறிவிட்டு, அடுத்த சொம்பை மொண்டாள். ஒவ்வொரு தடவையும் அதையே செய்தாள். ஒரு துண்டுகூடக் கீழே விழவிடவில்லை. ஊதாக் கறை மஞ்சள் தண்ணீரோடு கலந்து கானில் ஓடியது.

"அக்கா" என்றேன்.

"முந்தாநாளே தெரியும்டி. கடுகு வெடிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா?" உதடு அசையாத மாதிரி மெதுவாகச் சொன்னாள். "அவருக்கும் தெரியும். வாசனை வந்ததும் மேலே பாத்துச் சிரிச்சாரு. 'ரோசரி புருஷன் தப்பிச்சுக்குவான் போலருக்கு'ன்னாரு."

மத்தியாஸின் முதுகு குலுங்கியது. அக்கா அவர் தலையைப் பிடித்து நேராக நிறுத்தித் தண்ணீர் ஊற்றினாள்.

"நேத்து எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. இந்தா கிடக்கான் பாரு, எல்லாம் வேஷம்னு கத்தப் பாத்தேன். நான் ஒண்ணும் தேவதை இல்லலா. அவருதான் கையைப் புடிச்சாரு. அழுத்திப் புடிச்சாரு. பாரு." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். நாலு விரல் தடம் கன்றிப்போய் இருந்தது.

நான் அவள் காலில் விழப் போனேன். "நடிக்காதே, பாக்குறாங்க" என்று அதட்டினாள். நான் நின்றேன். என் வாழ்க்கையில் ஒருத்தர் அதட்டி நான் பதில் பேசாமல் நின்றது அன்று ஒருநாள்தான். கண்ணீர் பாட்டுக்கு ஓடியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

கடைசிச் சொம்பு. அதை ஊற்றி முடித்து, தவலையைக் கவிழ்த்து வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கும்பிட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். உள்ளங்கை ரெண்டும் ஊதாவாக இருந்தது.

"தம்பி" என்று மத்தியாஸைக் கூப்பிட்டாள். "தாய் இறங்கிட்டா. எழுந்திரிங்க. வீட்டுல விறகு இல்ல. அவரு வெட்டி வைக்காமப் போயிட்டாரு."

மத்தியாஸ் ஈரம் சொட்டச் சொட்ட எழுந்தார். துண்டுகூட வாங்கவில்லை. நேராக அவர்கள் வீட்டுக் கொல்லைக்குப் போய்க் கோடாலியை எடுத்தார். சாயங்காலம் வரை வெட்டினார்.

சன்னாசி அண்ணன் சயாமிலிருந்து திரும்பி வரவில்லை. சண்டை முடிந்தது, தோட்டம் கை மாறியது, நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அக்காவையும் எங்களோடு அழைத்துவந்தோம், பக்கத்திலேயே வீடு பார்த்தோம். அதற்கப்புறம் முப்பத்தோரு வருஷம் மத்தியாஸ் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு நாளும் முதலில் அவள் வீட்டு விறகை வெட்டிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வெட்டினார்.